சின்னச் சட்டையும் மாவுச் சாக்கும்



அன்னாளைப் பற்றிப் பிரசங்கியாத ஊழியர் எவரும் இரார். மலடி என்று நிந்திக்கப்பட்டவள், சீலோவிலே உதடு மாத்திரம் அசைய ஜெபித்தவள், பெற்ற பிள்ளையைக் கர்த்தருக்கென்று கொடுத்தவள் என்று அவளை நாம் நன்றாய் அறிவோம். ஆனால் 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தை நாம் பெரும்பாலும் வேகமாய்க் கடந்துவிடுகிறோம். ஆலயத்தில் வளரும் மகனுக்கு ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைச் செய்து, பலி செலுத்த வரும்போது அவள் கொண்டுவந்து கொடுப்பாள் என்று அந்த வசனம் சொல்லுகிறது.

இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். ஓராண்டாகக் கண்ணால் காணாத பிள்ளைக்கு எந்த அளவில் துணியை வெட்டுவது? போன ஆண்டு தோள் இவ்வளவு இருந்தது, கை இவ்வளவு நீண்டிருந்தது, இந்த ஆண்டு இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் மனதிலேயே அளவெடுத்திருக்க வேண்டும். நம் வேதாகமம் அதைத் தையல் என்கிறது. அக்காலத்தில் ஒரு சட்டைக்குத் தையல் கடைசிப் படி மாத்திரமே. அதற்குமுன் நூல் நூற்பதும் நெய்வதும் வீட்டுப் பெண்களின் கையிலேயே இருந்தன. அதே அதிகாரம் இரண்டு வசனங்களுக்கு அப்பால் இன்னொன்றையும் தெரிவிக்கிறது. அன்னாளுக்குப் பின்பு மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள். ஆகையால் ஒழிந்த நேரத்தில் பொழுதுபோக்காகச் சட்டை தைத்த பெண்ணல்ல அவள். ஒன்று இடுப்பிலும் ஒன்று தொட்டிலிலும் இருக்க, மலைநாட்டிலே ஒரு வீட்டை நடத்திக்கொண்டே அந்தச் சட்டையை ஆண்டு தவறாமல் முடித்தவள்.

எபிரெய மூலத்தில் அச்சட்டைக்கு ‘மெயீல்’ என்று பெயர். பிற்காலத்தில் சவுலின் கையில் கிழிந்த சாமுவேலின் மேலங்கிக்கும் அதே சொல்லே. எந்தோரில் மரித்தோரிலிருந்து எழும்பி வரும் முதியவரைச் சவுல் அடையாளம் கண்டுகொண்டதும் அவர் போர்த்திருந்த மெயீலினாலேயே. தாய் தொடங்கிய உடை மகனுக்கு வாழ்நாள் அடையாளமாகிவிட்டது.

அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தொற்காளுக்கு நம் சபைகளில் சங்கங்கள் உண்டு. அவள் விதவைகளுக்காகத் தைத்தாள். அதை ஊழியம் என்கிறோம். அன்னாள் தன் சொந்தப் பிள்ளைக்காகத் தைத்தாள். அதற்கு நாம் பெயரே இடவில்லை. வீடு சந்திக்கப் போகும் இடங்களில், “என்னம்மா செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “சும்மா வீட்டில்தான் இருக்கிறேன், ஐயா” என்று பதில் வரும். சொல்பவரின் பின்னால் தையல் இயந்திரத்தில் பாதி முடிந்த பள்ளிச் சீருடை தொங்கிக்கொண்டிருக்கும். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லை முன்னிட்டே, இந்த வாரம் ஒரு தேசத்துத் தாய்மாரின் வரலாற்றை உங்களுக்கு எழுதுகிறேன்.

கைபேசிகளில் ஒரு செய்தி அவ்வப்போது வலம் வருகிறது. 1939-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மாவு ஆலை முதலாளிகள், ஏழைத் தாய்மார் மாவுச் சாக்குகளை வெட்டிப் பிள்ளைகளுக்கு உடை தைப்பதைக் கண்டு மனமிரங்கி, அன்று முதல் பூப்போட்ட துணியிலே சாக்குகளைச் செய்தார்களாம். எழுத்துகள் கழுவினால் போய்விடும் மையில் அச்சிட்டார்களாம். நல்ல செய்திதான். மனதுருக்கத்துக்கு உதாரணமாகப் பிரசங்க மேடைக்கும் பொருந்தும். ஆயினும் வரலாறு இதைவிட நீளமானது. அதில் முதலில் அசைந்தது முதலாளியின் இருதயமல்ல, ஒரு தாயின் கத்தரிக்கோல்.

சாக்கு என்றதும் நமக்குச் சணல் கோணி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மாவுக்கும் சர்க்கரைக்கும் கோழித் தீவனத்துக்கும் பயன்பட்டது பருத்தித் துணிப்பை. அதற்கு முன்பு இவை மரப்பீப்பாய்களில் வந்தன. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு, ஏறக்குறைய 89 கிலோ. துணிப்பை மலிவு என்றாலும், கையால் தைத்த பை அத்தனை பாரத்தைத் தாங்காமல் வாய் பிளந்துவிடும். எலியாஸ் ஹோ 1846-இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் மேல்நூலையும் கீழ்நூலையும் ஒன்றோடொன்று பூட்டித் தைத்தது. அந்த வலுவான தையலால் பை நிலைத்தது. 1858-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பீமிஸ் நிறுவனம் இயந்திரத்தால் பை தைக்கத் தொடங்கிற்று. பீப்பாயின் கணக்கு மாத்திரம் பல காலம் விடவில்லை. பைகள் 98, 49 பவுண்டு என்று அதன் பாதியும் காலுமாகவே விற்கப்பட்டன. 1943-இல் போர்க்கால உற்பத்தி வாரியம் தலையிட்ட பிறகே 100, 50, 25 என்ற முழு எண்கள் வந்தன.

பை வீட்டுக்கு வந்ததும் தாயின் வேலை தொடங்கும். பையின் ஓரம் சங்கிலித் தையலால் தைக்கப்பட்டிருக்கும். சரியான நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே இழையாய்க் கழன்று வரும். தவறான நுனியை இழுத்தால் முடிச்சுதான். கழன்ற நூலை உருண்டையாய்ச் சுற்றிக் கொக்கி ஊசிப் பின்னலுக்கும் போர்வை தைக்கவும் வைத்துக்கொள்வார்கள். பிரித்து விரித்தால், 100 பவுண்டு பையிலிருந்து ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமான துணி கிடைக்கும். ஒரு சிறுமிக்குக் கவுனோ சிறுவனுக்குச் சட்டையோ தைக்க அது போதும். தாய்க்கு ஒரு உடை வேண்டுமானால் ஒரே மாதிரியான மூன்று பைகள் வேண்டும். படுக்கை விரிப்புக்கு நான்கு.

ஆனால் வெள்ளைத் துணியின் நடுவே ஆலையின் பெயரும் சின்னமும் எடையும் கொட்டை எழுத்தில் இருந்தன. அவற்றைப் போக்குவது தனிக் கலை. எழுத்தின்மேல் பன்றிக் கொழுப்பைப் பூசியோ மண்ணெண்ணெயில் தோய்த்தோ இரவு முழுதும் ஊறவிடுவார்கள். காலையில் வீட்டில் காய்ச்சிய காரச் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கொதிக்க வைப்பார்கள். பல தடவை வெளுத்தபின்பும் சில எழுத்துகள் மங்கலாய் நிற்கும். அப்படிப்பட்ட துண்டை உள்ளாடைக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். எடையும் ஆலையின் பெயரும் பின்புறத்தில் தெரிய ஓடிய பிள்ளைகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அமெரிக்கக் குடும்பங்களில் ஏராளம். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தைப் பிறர் வாசித்த நாளில் அந்தப் பிள்ளை சிரித்திருக்காது. ஒரு தாய் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு தேய்த்தது மையை மாத்திரமல்ல. வறுமை தன் பிள்ளையின் உடம்பில் எழுதிவைத்த பெயரையும் அவள் தேய்த்தாள்.

விளக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1935-இல் கிராமப்புற மின்மயமாக்கும் திட்டம் தொடங்கியபோது, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்ற வீடுகளில் தண்ணீர் கிணற்றிலிருந்து, அடுப்பு விறகில், துணி துவைப்பது பலகையில். திங்கட்கிழமை துவைப்பு, செவ்வாய்க்கிழமை பெட்டி போடுதல், புதன்கிழமை கிழிசல் தைத்தல் என்று வாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது அங்கே பழைய வழக்கம். பெட்டி என்றால் அடுப்பில் சுட வைத்த இரும்பு. இவற்றோடு கோழி, பசு, காய்கறித் தோட்டம், குளிர்காலத்துக்கென்று கண்ணாடி ஜாடிகளில் பழம் அடைப்பது. இதற்கிடையில்தான் கால்மிதி இயந்திரம் சுழன்றது.

அந்த இயந்திரம் ஏழை வீட்டுக்குள் வந்த கதையையும் சொல்லவேண்டும். ஹோவுக்குப் பின் 1851-இல் ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1856 முதல் அவருடைய நிறுவனம் தவணை முறையில் விற்றது. கையால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஓர் ஆண் சட்டை இயந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது என்று அக்காலத்து ஒப்பீடுகள் காட்டின. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியடிகளும் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924-இல் ராமச்சந்திரன் என்னும் மாணவரோடு நடந்த உரையாடலில், மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறுக்காமல் அன்பினாலே சிங்கர் அதை உண்டாக்கினார் என்று காந்தியடிகள் எடுத்துக்காட்டினார். அந்த மாணவரே பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர். காந்தியடிகளின் கருத்து அழகானது. சிங்கருடைய வாழ்க்கையோ அதற்கு அவ்வளவாய் ஒத்துழைக்கவில்லை. அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் துணி தைத்த தாய்மாரைப் பற்றி எந்த நிறுவன வரலாறும் பேசுவதில்லை.

இயந்திரம் வந்தும் அன்னாளின் கேள்வி தீரவில்லை. எந்த அளவில் வெட்டுவது? பெரியவர்களின் உடலளவு பெரும்பாலும் மாறாது. பிள்ளையின் அளவோ ஒவ்வொரு பருவத்திலும் மாறும். அக்காலப் பெண்கள் பத்திரிகைகளில் வெளியான வெட்டு வரைபடங்கள் ஒரே அளவில் இருந்தன. அதை வேண்டிய அளவுக்குப் பெருக்கவும் குறைக்கவும் தையற்காரரின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரிலே எபினேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் இருந்தார். அவருடைய மனைவி எலன், தன் குழந்தைக்கு உடை வெட்டும்போது, அளவு வாரியாக ஒரு படிவம் இருந்தால் எவ்வளவு எளிதாயிருக்கும் என்று கணவரிடம் சொன்னதாக அக்குடும்பத்து மரபு கூறுகிறது. 1863-இல் அவர்கள் பல அளவுகளில் காகிதப் படிவங்களை வெட்டி விற்கத் தொடங்கினார்கள். முதலில் விற்றவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடைகள். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அலுவலகம். இன்று நம் தையற்காரர்கள் ‘பேட்டர்ன்’ என்று சொல்லும் காகிதத்தின் வம்ச வரலாறு இது. கேள்வி கேட்டவள் தாய், நிறுவனத்துக்கு வந்தது தகப்பனின் பெயர். ‘எலன்’ என்ற பெயரில் அந்த நிறுவனம் இருந்திருந்தால் எனக்குச் சற்று மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

இப்போது மறுபடியும் சாக்குக்கு வருவோம். பெண்கள் சாக்குத் துணியில் தைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கமாயிருந்தது. அதை ஆலைகள் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. 1920-களின் நடுப்பகுதியில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலை, கட்டம் போட்ட கிங்காம் துணியிலே பை செய்து ‘கிங்காம் கேர்ள்’ என்ற பெயரில் மாவை விற்றது. வெறுமையான பை உடைத் துணியாகும் என்பதே அந்த மாவுக்கு விளம்பரம். கைபேசிச் செய்தியின் 1939-க்குப் பல ஆண்டுகள் முந்தியது இது. 1930-களில் மற்ற நிறுவனங்களும் பூ, பறவை, கோடு, புள்ளி என்று அச்சிட்டன. எழுத்துகளைத் துணியில் அடிக்காமல், தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டினார்கள்.

இரக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணங்களை வரிசைப்படுத்தினால் இரக்கம் முதலில் வராது. 1929-இல் பொருளாதாரம் சரிந்தது. பருத்தியின் விலை அவ்வாண்டு பவுண்டுக்குப் பதினாறு பதினேழு சென்ட் என்று இருந்தது, 1931-இல் ஐந்தாறு சென்டாக விழுந்தது. கிடங்குகளில் பருத்தி தேங்கிற்று. மறுபுறம் காகிதப் பை மலிவாய் வந்து துணிப்பையின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. காகிதத்துக்கு இல்லாத ஒரு பயன் துணிக்கு உண்டு: மாவு தீர்ந்தபின் அது பிள்ளையின் சட்டையாகும். இதைப் பருத்தி வியாபாரிகள் எந்த ஆராய்ச்சியாலும் அறியவில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வீட்டுக்கு வீடு தாய்மார் செய்துகாட்டியதைத் தாமதமாய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

பார்த்துக்கொண்டபின் கடைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. முன்பு தீவனக் கடைக்கு ஆண் தனியாய்ப் போவான், எது மலிவோ அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். இப்போது மனைவி ஒரு துணித் துண்டைக் கையில் கொடுத்து, “இதே பூப்போட்ட சாக்காகப் பார்த்து இன்னும் இரண்டு வாங்கிவாருங்கள்” என்று அனுப்பினாள். வேண்டிய சாக்கு எப்போதும் அடுக்கின் அடியிலேயே இருக்கும். கடைக்காரர் 100 பவுண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கி ஓரம் வைத்து, நீலப் பூவைத் தேடினார். கோழி வளர்ப்பு பண்ணைகளில் பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பு. முட்டை விற்ற காசு அவள் கைக்காசு. ஆகவே கோழித் தீவனச் சாக்கின் துணி அவளுக்கு வெறும் இலவசம் அல்ல. அவள் உழைப்பிலேயே ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒரே மாதிரி மூன்று சாக்கு கிடைக்காதவர்கள் அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொண்டார்கள். மீந்தவற்றைச் சிலர் விற்றார்கள்.

பை உற்பத்தியாளர் சங்கம் சாக்குத் துணியில் என்னென்ன தைக்கலாம் என்று சிறு புத்தகங்கள் அச்சிட்டது. பின்னாளில் தேசியப் பருத்திக் கழகமும் அதைத் தொடர்ந்தது. அவற்றில் கவுன், ஏப்ரன், திரைச்சீலை, குழந்தைக்கு மார்புத் துணி, பொம்மை எல்லாம் உண்டு. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் இயங்கிய மனையியல் ஆலோசகர்கள் ஊர் ஊராய்ச் சென்று பெண்களைக் கூட்டித் தையல் கற்பித்தார்கள். சில சாக்குகளில் பொம்மையின் முன்பக்கமும் பின்பக்கமும் அச்சிட்டே வந்தன. தாய் கோட்டின்மேல் வெட்டி, இரண்டையும் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சையோ கந்தலையோ திணித்தால் கிறிஸ்துமஸ் பரிசு ஆயத்தம். பத்து வயது மகள் அருகில் அமர்ந்து ஊசி கோக்கக் கற்றுக்கொள்வாள். வெட்டி மீந்த சிறு துண்டுகள் ஒட்டுத்துணிப் போர்வைக்குப் போகும். அப்போர்வையைப் போர்த்திக்கொண்ட பிள்ளை, “இது அக்காவின் கவுன், இது தம்பியின் சட்டை, இது அம்மாவின் ஏப்ரன்” என்று விரலால் தொட்டுச் சொல்லும். நம் ஊரில் பாட்டியின் பழஞ்சேலையில் கைக்குழந்தைக்குத் தூளி கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வறுமையை அழகான ஓவியமாய் வரைவது எழுதுகிறவர்களுக்கு எளிது. தென்மாநிலங்களில் குத்தகைக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்களும் ஏழை வெள்ளைக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாய்ப் பருத்தி பறித்தன. அந்தப் பருத்தி ஆலைக்குப் போய்த் துணியாகி, மாவை ஏந்திக்கொண்டு அவர்களிடமே திரும்பி வந்தது. அதிலே அவர்கள் பிள்ளைகளுக்கு உடை தைத்தார்கள். தாங்கள் பறித்த பருத்தியில் புதுத் துணி வாங்க அவர்களால் முடியவில்லை. பூப்போட்ட சாக்கு அந்த அநியாயத்தை நீக்கவில்லை, சற்று மறைத்தது. அந்தத் தாய்மாரின் கைத்திறனைப் புகழ்ந்துவிட்டு, அவர்களை அந்த நிலையில் வைத்த பருத்திப் பொருளாதாரத்தை மறந்துவிடுவது நேர்மையாகாது.

யுத்தம் வந்தது. 1942-இல் அமெரிக்க அரசு பெண்களின் உடைகளுக்கு இவ்வளவு துணிதான் என்று வரம்பு விதித்தது. ஆனால் மாவுக்கும் தீவனத்துக்கும் பை வேண்டுமே. சாக்குத் துணி தொழில்துறைப் பொருள் என்ற கணக்கில் தொடர்ந்து கிடைத்தது. ஏழையின் துணியாயிருந்தது தேசபக்தியின் துணியாயிற்று. அவ்வாண்டில் எல்லா வருமான நிலைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் பெண்களும் குழந்தைகளும் அச்சிட்ட சாக்குத் துணியில் தைத்த உடை அணிந்தார்கள் என்பது அக்கால மதிப்பீடு. நகரத்துப் பெண்களும் வெட்கமின்றி அணிந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு எழுத்து போகாத உள்ளாடையோடு பள்ளிக்குப் போன பிள்ளை இதைப் பார்த்து என்ன நினைத்ததோ!

யுத்தத்துக்குப் பின் காகிதப் பை வென்றது. துணியைவிட அது மிகவும் மலிவு. எலிக்குத் தப்பாவிட்டாலும் வியாபாரிக்கு லாபம். ஆயத்த உடைகளும் விலை குறைந்து கடைகளில் குவிந்தன. துணிப்பை உற்பத்தியாளர்கள் 1950-களில் சாக்குத் துணியில் தைக்கும் பெண்களுக்குப் போட்டிகள் நடத்தி, வென்றவருக்குத் தையல் ராணி என்று பட்டம் சூட்டினார்கள். பெண்களின் கையில் இருந்ததை ஒரு காலத்தில் கவனியாதிருந்தவர்கள், அது கைநழுவிப் போகும்போது மகுடம் சூட்டி நிறுத்தப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1960-களில் அச்சிட்ட சாக்குகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தப் போட்டிக்கென்று தைத்த உடை ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தில் கால்ட்வெல் என்ற ஊரைச் சேர்ந்த டாரதி ஓவரால் அம்மையார் 1959-இல் தமக்கென்று தைத்தது அது. நம் திருநெல்வேலியில் கால்ட்வெல் என்றாலே இடையன்குடி பேராயர்தான். இந்தக் கால்ட்வெல் ஒரு சிறிய விவசாய ஊர்.

இப்படிப் பாதுகாக்கப்பட்ட உடைகளில் பெரும்பாலும் பெரியவர்களுடையவையே அதிகம் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்குத் தைத்தவை எண்ணிக்கையில் எவ்வளவோ அதிகம், நிலைத்தவை குறைவு. காரணம் எளிது. மூத்தவனுக்குச் சிறுத்த சட்டை இளையவனுக்குப் போயிற்று. அவனுக்கும் சிறுத்தபின் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. முழங்கை கிழிந்ததும் நல்ல பாகம் போர்வைக்கு, மீதி பாத்திரம் துடைக்க. கடைசியில் பாத்திரத் துணியும் நைந்து, அடுப்படியில் கரியைத் துடைத்து, ஒரு நாள் அடுப்பிலேயே எரிந்துபோயிற்று.